கடலோர விடுதியில் ‘எல்லாம் சேர்த்த’ பேக்கேஜ்: குமரி மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ராஜாக்கமங்கலத்துக்கும் முட்டத்துக்கும் இடையே கடலோரமாக இருக்கும் ஒரு குடும்ப விடுதியில், முன்பதிவு மேசையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஈரோட்டிலிருந்து அழைத்தாலும் துபாயிலிருந்து அழைத்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. அறை, சாப்பாடு, வாடகை பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். கடலைப் பற்றிக் கேட்பது மட்டும் “குளிக்கலாம் அல்லவா?” என்ற ஒரே கேள்விதான். அதற்கும் ‘ஆமாம்’ என்ற பதிலையே எதிர்பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். மற்றவையும் கூடவே சேர்ந்துகொண்டன.

எல்லாம் சேர்த்து என்கிறீர்களே, எதெல்லாம் சேர்ந்தது?

அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலையில் தேநீரும் ஒரு பலகாரமும், நீச்சல் குளம், குழந்தைகள் விளையாடும் இடம். இந்த மாவட்டத்தில் பெரும்பாலான விடுதிகள் ‘எல்லாம்’ என்று சொல்வது இவ்வளவைத்தான். துணி வெளுப்பு, பாட்டில் குளிர்பானம், எண்ணெய் மசாஜ், வாடகைக் கார், படகு டிக்கெட் ஆகியவை வெளியே நிற்கும். மாலத்தீவுக்குப் போய்வந்தவர்கள் அங்கே எல்லாமே கிடைத்ததே என்பார்கள். அங்கே ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. வெளியே வந்தால் ஒரு பெட்டிக்கடைகூட இருக்காது, அதனால் எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் கட்டித் தருகிறார்கள். இங்கே வாசலைத் தாண்டினால் ஊர் இருக்கிறது.

முன்பதிவுத் தாளில் சில சுருக்கெழுத்துகள் இருக்கும். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை உணவும். எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு இன்னும் ஒரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும், தாளில் ஏ.பி. என்று இருக்கிறதா என்று பாருங்கள். வரவேற்பறையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த இரண்டு எழுத்துகளால் வந்ததுதான்.

விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிவிடுவோம். அப்போதே அறை கிடைக்குமா? அன்றைய காலைச் சாப்பாடு கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. அறை மதியம் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் உங்களுடையது. உங்கள் மூன்று வேளைக் கணக்கும் முதல் நாள் மதிய உணவில் தொடங்கி, கிளம்பும் நாள் காலை உணவோடு முடியும். இரண்டு இரவு தங்கினால் ஆறு வேளை. இதைத் தெரிந்துகொண்டு வந்தால் முதல் நாள் காலையே மனம் கசக்காது.

முந்தைய இரவு அறை காலியாக இருந்தால் சீக்கிரமே திறந்து தருவோம். அப்படி இல்லாவிட்டாலும் குளித்து உடை மாற்ற ஓர் இடம் கேளுங்கள், தருவார்கள். நாகர்கோவிலில் இறங்கி, அங்கேயே டிபனை முடித்துக்கொண்டு, சற்றுச் சுற்றிப் போய்ச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பார்த்துவிட்டு வருவது நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. ஆண்கள் அங்கே சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஐந்து வயதுப் பையனுக்கும் காசு வாங்குவீர்களா?

விடுதிக்கு விடுதி மாறும். பொதுவாக ஐந்து, ஆறு வயதுவரை கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுவரை பாதிக் கட்டணம். அதற்கு மேல் பெரியவர் கணக்கு. வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன வயதைக் குழந்தையே வரவேற்பறையில் திருத்தும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

கடைசியில் வரி, சர்வீஸ் சார்ஜ் என்று ஏற்றிவிட மாட்டீர்களே?

வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். சொல்லும் விலை வரியோடு சேர்ந்ததா, வரி இல்லாமலா என்று முதலிலேயே கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். அதை விடுதியோ உணவகமோ தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. தில்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை. தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளைப் போலன்றி இங்கே இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும். ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. ஜூன், ஜூலையில் கடல் கறுத்து, இரவு முழுவதும் இரைந்துகொண்டே இருக்கும். மழை பிடித்தவர்களுக்கு அது ஓர் அழகுதான், வாடகையும் குறைவு. ஆனால் குழந்தைகள் அறையிலேயே அடைந்து கிடப்பார்கள். ஏப்ரல், மே விடுமுறைக் கூட்டத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைக் கீழே கடலைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

அறையிலிருந்தே சூரிய உதயமும் மறைவும் தெரியுமா?

இரண்டும் ஒரே அறையிலிருந்து தெரியாது. சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கும் எந்த விடுதியிலும் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் தென்னைகளுக்கு மேலேதான் எழும். மாலைதான் இங்கே விருந்து. உதயத்துக்கு ஒருநாள் கன்னியாகுமரிக்குப் போகவேண்டும். ஐந்து மணிக்கே கிளம்பினால்தான் நிற்க இடம் கிடைக்கும். சித்ரா பௌர்ணமி அன்று மாலை அங்கே ஒருபுறம் சூரியன் இறங்க, மறுபுறம் நிலவு எழும். அந்தத் தேதிக்கு அறை வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லுங்கள்.

சமையல் எல்லாம் தேங்காய் எண்ணெயிலா? எங்கள் வீட்டில் யாருக்கும் ஒத்துவராது.

தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த ஊரில் தேங்காய் எண்ணெய்தான் சமையலின் வாசனை. அவியலை இறக்கி வைத்துவிட்டு, பச்சை எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடுவார்கள். அந்த மணம்தான் எங்களுக்கு அவியல். கோவையிலிருந்து வருபவர்களுக்கு அதுவே தலையில் தேய்த்த நினைப்பைத் தருகிறது என்று பலமுறை கேட்டிருக்கிறேன். முந்தைய நாளே சொன்னால் கடலை எண்ணெயில் தாளித்துத் தருவார்கள்.

ஆனால் ஒரு வேண்டுகோள். மூன்று நாளும் பஃபேயில் பன்னீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒரு வேளையாவது, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) தேங்காய் அரைத்த மீன்கறியும் கேளுங்கள். சைவம் என்றால் எரிசேரி, ஓலன், புளிசேரி, கூட ஒரு பிரதமன் பாயசம். பல விடுதிகளில் விருந்தினருக்குப் பிடிக்காது என்று எண்ணி இவற்றைப் பந்தியில் வைப்பதே இல்லை. ஊழியர்களுக்கு மட்டும் பின்கட்டில் சமைக்கிறார்கள். நீங்கள் கேட்டால் சமையல்காரர் மகிழ்ந்துபோவார். எங்கள் சமையல்காரர் ஒருமுறை, கேட்ட குடும்பத்துக்குத் தானே கொண்டுபோய்ப் பரிமாறி, அவர்கள் முதல் வாய் வைக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

இன்னொன்று: வார நாட்களில் ஆட்கள் குறைவாக இருந்தால் பஃபே போடமாட்டார்கள், ஆளுக்கு ஒரு தட்டு என்று அளவாகவே வரும். பஃபே வேண்டும் என்பவர்கள் சனி, ஞாயிறு பார்த்து வரவும்.

கடற்கரை விடுதிதானே, எந்த நாளும் மீன் இருக்கும் அல்லவா?

இருக்கும். ஆனால் நீங்கள் நினைத்த மீன் இருக்காது. இந்த மாவட்டம் இரண்டு கடல்களைத் தொட்டுக்கொண்டிருப்பதால் விசைப்படகு மீன்பிடித் தடையும் இரண்டு முறை வருகிறது. கிழக்குப் பக்கமான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பக்கமான குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய்ப் பிடித்துவரும் மீன்தான் வரும். சாளையும் (மத்தி) நெத்திலியும் வந்தால் அதுவே பாக்கியம். வஞ்சிரத்துக்கு அடம்பிடித்தால் எங்கிருந்தோ ஐஸில் வந்ததுதான் தட்டுக்கு வரும்.

பேக்கேஜில் வருவது அன்றைய சாதாரண மீன். சிங்கி இறால், பெரிய மீன் ஆகியவற்றைக் கேட்டால் எடை போட்டுத் தனியாக விலை வரும். சமைப்பதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். தனிப் பாத்திரம் உண்டா?

சில விடுதிகளில் தனி அடுப்பே உண்டு, பலவற்றில் கரண்டிகூடப் பொதுதான். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கைக்குழந்தையும் பாட்டியும் வருகிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஏதாவது செய்து தருவீர்களா?

குழைந்த சோறு, கஞ்சி, உப்புக் காரம் இல்லாத பருப்பு எல்லாம் எந்தச் சமையலறையிலும் செய்யக்கூடியவைதான். இரவு பத்தரைக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும். ஆகவே பால் சூடாக்க அறையில் மின்கெட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைக்கு மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளத்தில், மெல்லிய தோலோடு, மணக்க மணக்க இருக்கும். இங்கே கைக்குழந்தைகளுக்கு முதலில் மசித்துக் கொடுக்கும் பழம் அதுதான். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாட்டிக்குத் தரைத்தள அறை, மேற்கத்தியக் கழிப்பறை, சாப்பாட்டுக் கூடத்துக்குப் படி இல்லாத வழி, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முட்டம் பக்கம் பாறை மேட்டில் கட்டிய விடுதிகளில் கடல் அழகாகத் தெரியும். இறங்குவதற்கு நாற்பது ஐம்பது படிகளும் இருக்கும்.

ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றப் போகிறோம். சாப்பிடாத வேளைக்குப் பணம் கழிப்பீர்களா?

கழிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பொட்டலம் கேளுங்கள். முந்தின இரவு சொல்லிவிட்டால் புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஒரு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) என்று கட்டித் தருவார்கள். தங்கும் நாட்களில் ஒரு நாள் வெளியே, ஒரு நாள் விடுதியிலே என்று வைத்துக்கொண்டால்தான் மூன்று வேளைக்குக் கொடுத்த பணம் வீணாகாது. தினமும் சுற்றப்போகிறவர்களுக்கு முதல் பதிலில் சொன்ன சி.பி. போதும். இதை நானே சொல்லி, பெரிய பேக்கேஜைக் குறைத்துக்கொள்ள வைத்திருக்கிறேன்.

வெளியே போகும் நாளுக்கு இரண்டு விஷயம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கழகப் படகு, காற்று கூடினால் நின்றுவிடும். ஆகவே காலையிலேயே வரிசையில் நில்லுங்கள். 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

நீச்சல் குளத்தில் சுடிதாரோடு இறங்கலாமா?

பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள். நீரில் நனைந்தால் கனத்து இழுக்கும், நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். முழுக்கை, முழங்கால் வரை மூடிய நைலான் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது. உடம்பை மூடிக்கொள்ள விரும்பும் பெண்கள் அதை வாங்கி வந்துவிடுங்கள். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் குளித்துவிட்டு இறங்குங்கள்.

பேக்கேஜில் மது உண்டா?

இங்குள்ள குடும்ப விடுதிகளில் பெரும்பாலும் இல்லை. பார் நடத்த அரசு உரிமம் வேண்டும், உரிமம் உள்ள இடத்திலும் தனிப் பில்தான். குடித்துவிட்டுக் கடலோரம் போவதை நாங்கள் தடுப்போம். அதில் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விடுதிக்கென்று தனிக் கடற்கரை இருக்கிறதா?

கிடையாது. எந்த விளம்பரம் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். கரை எல்லோருக்கும் பொது; இங்கே அது முதலில் மீனவர்களுக்கு. அவர்கள் வள்ளம் ஏற்றுவதும் வலை காயவைப்பதும் கருவாடு பரப்புவதும் உங்கள் அறையின் எதிரேதான். ‘நாறுகிறது, அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்’ என்று வரும் புகாருக்கு நான் எழுந்து நின்று மறுப்புச் சொல்வேன். அது அவர்கள் வீட்டு முற்றம்.

வலையைத் தாண்டி மிதிக்காதீர்கள், வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். காலையில் கரைமடி வலை இழுப்பதைக் கண்டால் நின்று பாருங்கள். இரண்டு வரிசையாக நின்று, குரல் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்து வடத்தை இழுப்பார்கள். மடி கரையேறும்போது குட்டி மீன்கள் வெள்ளிக்காசுகளாகத் துள்ளும். கேட்டால் உங்கள் பிள்ளைகளும் வடத்தைப் பிடிக்க விடுவார்கள். எந்தப் பேக்கேஜிலும் இல்லாதது இது.

முட்டளவு தண்ணீரில் நின்றால் என்ன ஆகிவிடப் போகிறது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில், அலை அமைதியாக இருந்த ஒரு மாலை. கரூரிலிருந்து வந்த ஒருவர் நான்கு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில்தான் நின்றார். வந்த அலை ஒன்றும் செய்யவில்லை. திரும்பிப் போன அலை அவர் குதிகாலுக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு போனது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், பிடி நழுவியது. ஐந்தடி தள்ளி நின்ற எங்கள் உயிர்காப்பாளர், பக்கத்து ஊர் மீனவர், பாய்ந்து குழந்தையின் சட்டையைப் பற்றி இழுத்தார். எல்லாம் மூன்று நொடிக்குள். அதன் பிறகு அரைமணி நேரம் அந்தத் தகப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளின் காதுக்குள் ஒட்டியிருந்த மணலைச் சுண்டுவிரலால் எடுத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் கரையில் பல இடங்களில் மணல் சரிவு செங்குத்தாக இறங்கும். நாலு அடி தள்ளினால் ஆள் ஆழம். போதாததற்குக் கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல் எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து ஏறும். அப்போது இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் நிர்மலமாக இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. விடுதியில் தினமும் காலையில் அதைக் கேளுங்கள்.

ஆகவே என் பதில்: குளிக்க நீச்சல் குளம், பார்க்கக் கடல். கால் நனைக்க ஆசைப்பட்டால் ஈரமணல் முடிகிற இடத்தில், கடலைப் பார்த்தபடி, உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும். குழந்தையைக் கைவிரலால் பிடிக்காதீர்கள். மணிக்கட்டைப் பிடியுங்கள், அல்லது தூக்கிக்கொள்ளுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கவே வேண்டாம். பாறைகளில் ஏறவும் வேண்டாம். மீனவர் ஒருவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

மணல் கறுப்பாக இருக்கிறதே, கதிர்வீச்சு என்கிறார்களே. குழந்தைகள் விளையாடலாமா?

கறுப்பாகத் தெரிவது இல்மனைட் என்ற தாது, சிவப்பாகத் தெரிவது கார்னெட் என்ற தாது. மணவாளக்குறிச்சியைச் சுற்றிய மணலில் மோனசைட் என்ற தாதுவும் உண்டு. அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட இங்கே கூடுதல். அங்கே மத்திய அரசின் மணல் பிரிக்கும் ஆலையும் இயங்குகிறது. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில், தலைமுறைகளாக வாழும் மக்களிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மூன்று நாள் வந்து மணல்வீடு கட்டும் குழந்தைக்குப் பயப்பட வேண்டியதில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். இங்கேயே வாழ்ந்து, மணல் அள்ளுவதைப் பற்றிக் கவலைப்படும் ஊர் மக்களின் கேள்வி வேறு. அதை விடுமுறைப் பதிலில் அடக்க முடியாது.

பாதி விலையில் பேக்கேஜ் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, முழுப் பணத்தையும் உடனே கட்டச் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். உண்மையான விடுதியின் படங்களை எடுத்துப் போலிப் பக்கம் போடுகிறார்கள். பணம் கட்டிவிட்டுப் பெட்டியோடு வந்து நின்ற ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பதிவேட்டில் அவர்கள் பெயரே இல்லை. பணம் போகும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விடுதியின் நிலத்தொலைபேசிக்கு நீங்களே அழைத்துப் பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பகுதியை மட்டும் முன்பணமாகக் கட்டி, ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது வாங்குங்கள்.

பணம் கட்டிவிட்டோம். நாளை கிளம்ப வேண்டும், கடல் எச்சரிக்கை என்று செய்தியில் சொல்கிறார்கள். வரலாமா, வேண்டாமா?

எந்த எச்சரிக்கை என்று பாருங்கள். புயல் என்றால் வராதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல் பல நாட்கள் இந்த மாவட்டம் இருட்டில் கிடந்தது. அத்தகைய நாட்களில் பணத்தைத் திரும்பக் கேட்பதைவிடத் தேதியை மாற்றிக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வார்கள். ‘இயற்கைச் சீற்றம் என்றால் தேதி மாற்றம் உண்டு’ என்று முன்பதிவின்போதே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கள்ளக்கடல் எச்சரிக்கை மட்டும் என்றால் வரலாம். அந்த நாட்களில் கரைக்குப் போகும் வாசலைப் பூட்டிவிடுவோம். நீச்சல் குளம் இருக்கிறது, மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாசலை ஏன் திறக்கவில்லை, கடல் சும்மாதானே இருக்கிறது என்று மட்டும் காவலாளியிடம் சண்டை போடாதீர்கள். எச்சரிக்கை விலக்கப்பட்ட பிறகும் ஒரு நாள் கழித்துத்தான் அவர் திறப்பார்.